கிளித்தூண் மண்டபத்துக்கு இரண்டு பூட்டு

காஞ்சி மாநகரத்தில் குடியிருப்பவர்களும், கூரம், தாமல், முசரவாக்கம் முதலான கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து போகிறவர்களும், இனிமேல் பிறக்கப்போகிறவர்களும் எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்ஷய வருஷம் வைகாசி மாதம் பன்னிரண்டாம் தேதி, ராகுகாலம் கழித்து, சின்ன காஞ்சிபுரத்தின் கீழைக் கோடியில் இருக்கும் கிளித்தூண் மண்டபம் காப்பாற்றப்பட்டது.

அதற்கு முந்திய நானூறு வருஷமும் அது காப்பாற்றப்படாமலே நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

காப்பாற்றியவர்கள் ஸ்ரீ கிளித்தூண் மண்டப ஜீர்ணோத்தாரண பரிரக்ஷண மகாசபையார். மொத்தம் பதினோரு பேர். பெயரைக் கண்டு யாரும் மலைக்க வேண்டாம். அது நோட்டீஸில் அச்சடிக்க வைத்த பெயர். வாயால் சொல்ல வைத்ததல்ல.

மண்டபம் என்றால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசைத் தூண்கள். மேலே கற்பலகைகளைப் பரப்பி, அதன்மேல் சுண்ணாம்புத் தளம். சுவர் கிடையாது, கதவு கிடையாது. முன்பக்கம் ரஸ்தா. பின்பக்கம் ஒரு குட்டையும் தாழம்புதரும்; விடியற்காலையில் ஜனங்கள் செம்பும் கையுமாக ஒதுங்குகிற இடம். ஆகையால் கௌரவமுள்ளவர்கள் அந்தப் பக்கம் மூக்கைக்கூடத் திருப்புவதில்லை. பக்கத்திலுள்ள சிறிய கோயிலின் பெருமாள் மாசி மாதத்தில் ஒருநாள் மண்டபத்துக்கு எழுந்தருளி, இரண்டு மணி நேரம் இருந்து, சர்க்கரைப் பொங்கல் அமுது செய்துவிட்டுத் திரும்பிப் போவார். மற்ற நாளெல்லாம் அது நெசவுக்காரர்களுடையது.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டுப் பாவை, அதாவது நெட்டிழைகளை, நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழைக்கு இழை பிரித்துக் காயவைக்க வேண்டும். பாவு ஆற்றுவது என்பார்கள். வெயில் நாளில் தெருவிலேயே செய்துவிடலாம். தூறல் வந்தால் தெரு உதவாது. சாயம் ஏற்றிய பாவின்மேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும், புடவையில் அந்த இடம் தேமல் மாதிரி தெரியும். அதனால் மழை மாதங்களில் எல்லாப் பாவும் மண்டபத்துக்கு வந்துவிடும். ஒரு பாவை நீட்டிக் கட்ட அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது அதன் நீளம். கட்டின ராஜாவுக்கு அந்த உத்தேசம் இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்த வழியாகப் போன வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவருடைய மோட்டார் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீருக்கு ஓடினான். துரை வெயிலுக்கு ஒதுங்கி மண்டபத்துக்குள் வந்தார். வடக்கு வரிசையில் ஐந்தாவது தூணின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார். "பியூட்டிஃபுல்" என்றார். மோட்டார் குளிர்ந்ததும் போய்விட்டார். தொப்பியைக் கழற்றியது வேர்வைக்காக என்று நெசவுக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை யார் எடுத்துக்கொண்டார்கள்?

துரையின் ஒற்றை வார்த்தை அன்று சாயங்காலத்துக்குள் சந்நிதித் தெருவெல்லாம் பரவி, மறுநாள் காலை ஆராவமுதன் காதுக்கு வந்தது. ஆராவமுதன் ரிஜிஸ்திரார் ஆபீசு ஒன்றில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்து ஹெட்கிளார்க்காக எழுந்தவர். தினம் ஸ்நானத்துக்கு அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போவார். ஐம்பத்தேழு வயதுவரை தூண்கள் பக்கம் ஒருமுறைகூடத் தலையைத் திருப்பியதில்லை; மாசி உற்சவத்தில்கூடக் கண்ணெல்லாம் தீர்த்தத்தின்மேல்தான். துரை பார்த்ததை நாமும் பார்த்துவைப்போம் என்று அன்றைக்கு உள்ளே நுழைந்தார்.

ஒரு பெண் நிற்கிறாள். தோளில் ஒரு கிளி. அவள் காதுத் தோட்டைப் பழமென்று எண்ணிக் கிளி மூக்கை நீட்டுகிறது. கூச்சத்தில் அவள் கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் சிற்பம். ஆனால் கல்லுக்குக் கூசும் என்று ஆராவமுதனுக்கு அதுவரை தெரியாது. இடுப்பிலிருந்த ஈரவேஷ்டி காய்கிறவரை நின்றார்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்த மனிதர் அன்று மெய்யாகவே ஒரு பொருளைப் பார்த்தார். ஊரில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல அது. தினம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால் எல்லாருக்கும் க்ஷேமமாக இருந்திருக்கும். அவர் சபை கூட்டினார்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சபை என்றால் சக்ரவர்த்தியை விட்டுவிட்டுக் கூட்ட முடியாது. கூரத்தில் நஞ்சை நிலம், கொல்லையில் நாலு பசு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு கனைப்பு. இவை அவருடைய யோக்கியதாம்சங்கள். அவர் குடும்பத்துக்கும் ஆராவமுதன் குடும்பத்துக்கும், மாசி உற்சவத்தன்று மண்டபத்தில் முதல் தீர்த்தம் யாருக்கு என்று மூன்று தலைமுறை வழக்கு. கடைசியில், களைத்துப்போன முன்சீப் ஒருவர், இருவருக்கும் ஏககாலத்தில் கொடுக்கவேண்டியது என்று தீர்ப்பு எழுதிவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றுமுதல் இரண்டு அர்ச்சகர்கள், இரண்டு வட்டில்கள், இரண்டு உத்தரணிகள். மூன்றாவது ஆள் ஒருவர் "ம்" என்று சொல்ல, இரண்டு கைகளும் ஒன்றாக நீளும். பெருமாளும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

சபையின் முதல் கூட்டத்தில், மண்டபத்துக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று விசாரணை நடந்தது. அதை உபயோகிக்கிறவர்களிடமிருந்து என்று தெரிந்தது. கஞ்சி சிந்துகிறார்கள். தூணில் கயிறு கட்டுகிறார்கள். சத்தம் போட்டுச் சிரிக்கிறார்கள். ஆகவே சுற்றி இரும்புவேலி, ரஸ்தாவைப் பார்த்து ஒரு கதவு, கதவுக்குப் பூட்டு என்று தீர்மானமாயிற்று.

சாவி யாரிடம் இருப்பது என்ற இடத்தில் சபை நின்றது. சக்ரவர்த்தி கனைத்தார். இரண்டு கூட்டம் அந்தக் கனைப்பிலேயே கழிந்தது. பிறகு ஆராவமுதனே ஒரு வழி சொன்னார். கோயில் நகைப்பெட்டிக்கு இரட்டைப் பூட்டுப் போடுகிற வழக்கம் உண்டு. ஒரு சாவி ஒருவரிடம், மற்றது இன்னொருவரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். அதே ஏற்பாட்டை மண்டபத்துக்கும் செய்துவிடலாமே என்றார். காற்று நாலு பக்கமும் புகுந்து புறப்படுகிற மண்டபத்துக்கு நகைப்பெட்டியின் பூட்டு எதற்கு என்று கேட்க அங்கே யாரும் இல்லை. ஆராவமுதன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சமாதானம் வேண்டும், தூண் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எல்லாரும் கைதட்டினார்கள்.

நெசவுக்காரர்கள் சார்பில் கோதண்டபாணி முதலியார் வந்து நின்றார். இரண்டு தறி வைத்திருந்த மனிதர், அதிகம் பேசமாட்டார்.

"காலி பண்ணுங்கன்னா பண்ணிடறோம் சாமி. தெருக்கோடியில கீத்துக் கொட்டாய் போட்டுக்கினு ஆத்திக்கிறோம். ஒண்ணே ஒண்ணு. இனிமே மேல கன்னு புடுங்கறது யாரு?"

"எந்தக் கன்று?" என்றார் சக்ரவர்த்தி.

முதலியார் விளக்கினார். பறவை எச்சத்தில் அரசம்விதை தளத்தில் விழுகிறது. ஒவ்வொரு மழைக்கும் முளைக்கிறது. நாலு இலை விடுவதற்குள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கலியன் என்பவன் மேலே ஏறி வேரோடு பிடுங்கி, அந்த இடத்தைக் கீறி, சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசிவிடுவான். அவனுக்கு ஆனி மாதத்தில் ஒரு வேஷ்டியும் பாவு ஏறுகிற நாளில் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அவன் அப்பனும் அதையே செய்தான். மண்டபத்தின்மேல் பக்தி என்று முதலியார் சொல்லவில்லை. தண்ணீர் சொட்டினால் பாவு போய்விடும், அதனால் என்றுதான் சொன்னார்.

"அதையெல்லாம் சபை பார்த்துக்கும்" என்றார் சக்ரவர்த்தி.

"சபை பாத்துக்கும்" என்று முதலியார் திருப்பிச் சொல்லிவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சென்னையிலிருந்து ரயிலில் இரும்புக்கம்பி வந்தது. நாலு பக்கத்துக்கும் கணக்காக அளவெடுத்து வரவழைத்த கம்பி. வந்து இறங்கியபிறகு ஓர் அங்கத்தினர், கதவுக்குமேல் ஒரு வளைவு இல்லாவிட்டால் சபையின் பெயரை எங்கே எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வந்த கம்பியிலேயே பெயரின் நீளத்துக்குத் தகுந்த வளைவு செய்யக் கொல்லனுக்கு உத்தரவாயிற்று. இரண்டு நாள் கழித்து அவன் ஏதோ கேட்கவேண்டும் என்று வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்போது திறப்புவிழாவில் யார் நாற்காலியை எந்த வரிசையில் போடுவது என்ற வாதம் உச்சத்தில் இருந்தது. பிறகு வா என்றார்கள். பிறகு அவன் வரவில்லை.

விழா நடந்தது. துரைக்கு அழைப்பு அனுப்பியிருந்தார்கள். அவர் வேறு ஜில்லாவில், வேறு மோட்டாரில் இருந்தார். ரஸ்தாவில் பந்தல் போட்டு, வளைவுக்கு மாவிலை கட்டி, எட்டுப் பேர் பேசினார்கள். உள்ளே கால் வைப்பவர்கள் போலீஸில் ஒப்படைக்கப்படுவார்கள் என்று ஒரு பலகை மாட்டப்பட்டது. "ம்" என்றதும் இரண்டு பூட்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டன. இவ்விதமாக மண்டபம் காப்பாற்றப்பட்டது.

ஐப்பசியில் மழை வந்தது. கார்த்திகையில், வழக்கம்போல் சாயங்காலம் கம்பிகளுக்கு வெளியே நின்று ஐந்தாவது தூணைப் பார்த்துக்கொண்டிருந்த ஆராவமுதன், அதற்கு நேர்மேலே தளத்தின் விளிம்பில் பச்சையாக ஏதோ ஆடுவதைக் கண்டார். நாலு இலை. காற்றில் தலையை ஆட்டி அவரை விசாரித்தது.

சபை கூடியது. கன்றைப் பிடுங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இரு சாவிக்காரர்களும் வந்து கதவைத் திறக்கவேண்டியது.

புதன்கிழமை எட்டு மணிக்கு ஆராவமுதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தம் வாசற்படிக்கு உள்பக்கம் தயாராக நின்றார். சக்ரவர்த்தி தம் வாசற்படிக்கு உள்பக்கம் தயாராக நின்றார். முதலில் போய்க் காத்து நிற்பவன் சின்னவன் ஆகிவிடுவான். அவர் புறப்பட்டாரா என்று பார்த்துவர ஓர் ஆள். இவர் புறப்பட்டாரா என்று பார்த்துவர ஓர் ஆள். இரண்டு ஆட்களும் மண்டபத்தடியில் சந்தித்து, புகையிலை மாற்றிக்கொண்டு, இன்னும் இல்லை என்று திரும்பிப்போய்ச் சொன்னார்கள். பதினோரு மணிக்கு இரு வீட்டிலும் இலை போட்டாயிற்று.

அடுத்த புதன்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த புதன்கிழமைகளை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

சாவிகளை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் என்ன என்று ஒருவர் கேட்டார். கலியனை அனுப்பி இரண்டு சாவிகளையும் வாங்கிவரச் செய்யலாமே? செய்யலாம். கலியன் முதலில் யார் வீட்டுக்குப் போவான் என்று சக்ரவர்த்தி கேட்டார். கூட்டம் கலைந்தது.

மாசியில் பெருமாள் வந்தார். பெருமாள் முன்னே வந்துவிட்டதால் இருவரும் பின்னே வந்தவர்கள்தான், அன்றைக்குத் தகராறில்லை. கதவு திறந்தது. குட்டைப் பக்கத்து நாற்றத்துக்காகப் பின்னால் வழக்கம்போல் திரை கட்டியிருந்தது. கன்று முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஆராவமுதன் கலியனைத் தயாராக வைத்திருந்தார். அவன் தூணில் காலை வைத்ததும், பெருமாள் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்குமேல் ஒருவன் ஏறி நிற்பதா என்று அர்ச்சகர்கள் இருவரும் ஏககாலத்தில் கேட்டார்கள். கலியன் காலை எடுத்துக்கொண்டான். பெருமாள் புறப்பட்டதும், கோஷ்டியோடு கூடப் போகவேண்டுமாகையால், உடனே பூட்டவேண்டியிருந்தது. "ம்" என்றார்கள். பூட்டினார்கள்.

அன்று உள்ளே இருந்த இரண்டு மணியில் ஆராவமுதன் இன்னொன்றையும் பார்த்தார். மற்றத் தூண்களிலெல்லாம் நெசவுக்காரர் கயிறு உராய்ந்த தடம் இருந்தது. கிளித்தூணில் மட்டும் இல்லை. அதில் கயிறு படுமிடத்தில் பழைய பட்டுத்துணியை நாலாக மடித்துச் சுற்றியிருந்தார்கள். அவசரத்தில் காலி செய்தபோது அவிழ்க்க மறந்து அது அங்கேயே கிடந்தது. யார் சொல்லிச் சுற்றினார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டியவர்களைச் சபை வெளியே அனுப்பியிருந்தது.

பிரபவ வருஷம் வந்தது, போயிற்று. இரண்டாவது மாசியிலும் பெருமாள் அதே மாதிரி வந்து அதே மாதிரி போனார். சபை பதினெட்டு முறை கூடியது. பரிரக்ஷணம் என்பதை முன்னால் வைப்பதா ஜீர்ணோத்தாரணத்தை முன்னால் வைப்பதா என்று அதில் ஆறு. கன்று ஆள் உயரம் ஆயிற்று. அரசமரத்தை வெட்டினால் தோஷம் என்று இப்போது சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். அதன் வேர் தளத்தைப் பிளந்துகொண்டு கீழே இறங்கி, கூரைக்கல்லுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து கண்டது. ஆராவமுதன் தினம் அந்தச் சந்தைப் பார்த்தார். இன்னொரு ஐப்பசியைக் கல் தாங்காது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தபிறகு தூக்கம் குறைந்தது. பேச்சும் குறைந்தது.

விபவ வருஷம் ஆவணியில் அவர் கோதண்டபாணி முதலியாரைத் தேடிக்கொண்டு கீற்றுக் கொட்டகைக்குப் போனார். நீளமாக ஒரு மயில்கழுத்துப் பாவு கட்டியிருந்தது. முதலியார் கஞ்சிக்கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். ஆராவமுதன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நீங்களே திரும்ப வந்து மண்டபத்தில் பாவு ஆற்றுங்கள், நான் சபையோடு மல்லுக்கு நின்று அனுமதி வாங்கித்தருகிறேன் என்றார்.

"மல்லு கட்டி வாங்கிக்கினு வாங்க சாமி, வரோம்" என்றார் முதலியார். "நாங்க கோவிச்சிக்கலை. ஆனா கூப்புடாத எடத்துக்கு எந்த வழியா வந்தாலும் அது திருட்டு வழிதான். எங்க ஜனம் அதுக்கு ஒத்துக்காது. முன்னால கதவத் தொறந்து, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கலியன் அன்னிக்கே ஏறிடுவான்."

எந்த வழியாக என்று அவர் ஏன் சொன்னார் என்பதை ஆராவமுதன் யோசித்திருக்கலாம். அவருக்குக் கதவைத் தவிர வேறு நினைப்பில்லை.

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் காலையிலேயே மேகம் கட்டியது. வெயில் மங்கிய கூடத்தில் ஆராவமுதன் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஹேமாம்புஜம் இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொன்னாள்.

"ஏன்னா, அந்தக் கல்லுப் பொம்மனாட்டி கழுத்து எவ்வளவு அழகாச் சாஞ்சிருக்குன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறேள். உங்க கழுத்து ஒரு நாள் சாஞ்சா என்ன? ஒடிஞ்சா போயிடும்?"

ஆராவமுதன் எழுந்தார். மேல்வேஷ்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கலியனைக் கடப்பாரையோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சக்ரவர்த்தி வீட்டுக்கும் ஆள் அனுப்பினார்: நான் முதலில் போய் நிற்கிறேன், தாங்கள் சௌகரியம்போல் வரவேண்டியது. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் எழுதாத வாசகம் அது. எட்டு மணிக்குக் கதவடியில் போய் நின்றார். தெருவே வந்து பார்த்தது. மூன்று தலைமுறை வழக்கை அந்த மனிதர் நின்ற நிலையிலேயே தோற்றுக்கொண்டிருந்தார். கலியன் ஆறடி தூரத்தில் குந்தினான்.

செய்தி கேட்டு உண்டான ஆனந்தத்தில் சக்ரவர்த்தி இரண்டாவது டம்ளர் காப்பி சாப்பிட்டார். நிற்கட்டும் என்றார். ஒன்பதுக்கு வெற்றிலை போட்டார். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றார். ஒன்பதரைக்கு அவர் மனைவி ரமாமணி, பூத்தொடுத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்:

"கல்யாணத்துல வாசல்ல முன்னாடி வந்து நின்னுண்டு, வாங்கோ வாங்கோங்கறவா யாரு?"

"அது பொண்ணாத்துக்காரா. வீட்டுக்குடையவா."

"பின்னாடி வரவா?"

"விருந்தாளி" என்று சொல்லி முடித்த சக்ரவர்த்தி வெற்றிலையை விழுங்கிவிட்டார். ஒன்றரை மணி நேரமாக ஆராவமுதன் ஊரார் முன்னால் மண்டபத்துக்கு உடையவராக நின்றுகொண்டிருக்கிறார். இப்போது போனால் விருந்தாளி. போகாவிட்டால், அவரே உடையவர். இதிலிருந்து தப்ப வழி உண்டா என்று பத்தரை வரைக்கும் யோசித்தார். பத்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. குடைக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

ஆராவமுதன் நனைந்துகொண்டு அதே இடத்தில் நின்றார். வேடிக்கை பார்த்தவர்கள் தாழ்வாரங்களில் ஒதுங்கிவிட்டார்கள். கலியனும், "ஆடு நனையுது சாமி, புடிச்சி வந்துடறேன்" என்று கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"தாங்களே முதலில் திறவுங்கோ" என்றார் ஆராவமுதன்.

சக்ரவர்த்தி இதிலும் ஏதோ இருக்கிறது என்று எண்ணினார். "ஏககாலத்தில்" என்றார். குடைக்காரனை "ம்" சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். இரண்டு சாவிகளும் இரண்டு பூட்டுகளில் நுழைந்தன. மாசியில் பூட்டியவை. இரண்டும் துரு ஏறி, இரண்டும் திரும்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் உயர்வு தாழ்வு இல்லை. எண்ணெய் கொண்டுவா என்று குடைக்காரனை விரட்டினார்கள். யார் வீட்டு எண்ணெய் என்று அவன் கேட்டான்.

அப்போதுதான் கல் இறங்கியது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. கொட்டிலில் கிழமாடு ஒன்று பெருமூச்சு விட்டுப் படுக்கிற மாதிரி இருந்தது. ஐந்தாவது தூணின்மேல் இருந்த கூரைக்கல் உத்தரத்திலிருந்து நழுவி, தூணைச் சிராய்த்துக்கொண்டு தரைக்கு வந்தது. கூடவே அரசங்கன்று இலை கலையாமல் வந்து உட்கார்ந்தது. சுண்ணாம்புப் புழுதி மழையில் எழுந்த இடத்திலேயே அடங்கிற்று. பெண்ணுக்குத் தோள் போய்விட்டது. கழுத்து மட்டும் முன்போலவே சாய்ந்திருந்தது, எதற்குக் கூசுகிறோம் என்று தெரியாமல்.

இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மண்டபத்தின் மேற்குக் கோடியிலிருந்து கலியன் வந்தான். ஒரு கையில் ஆட்டின் காது. இன்னொரு கையில் எதையோ ஏந்தியிருந்தான். விழுந்த கல்லைச் சுற்றிக்கொண்டு, தூண்களுக்கு நடுவே நடந்து, கதவுக்கு உட்புறம் வந்து நின்றான்.

"கிளி மட்டும் முழுசா கீது சாமி" என்று கம்பிக்கு நடுவே நீட்டினான்.

ஆராவமுதன் தீர்த்தம் வாங்குகிறவர்போல் இடது கையின்மேல் வலது கையை வைத்து வாங்கிக்கொண்டார். முதலில் அவர்தான் வாங்கினார். சக்ரவர்த்தி ஆட்சேபிக்கவில்லை. பிறகு சக்ரவர்த்தி கனைக்காமல் பேசினார். யாரும் அவரை அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

"நீ எப்படிடா உள்ளே வந்தே?"

"பின்னாலதான் சாமி. கொட்டிலு ஒழுகுது, ரெண்டு வருசமா ஆட்டை இங்கதான் கட்டறேன்."

"ஏன்டா சொல்லலே?"

"கொல்லன் சொல்றேன்னு அப்பவே வந்தானே சாமி. நம்மள யாரும் கேக்கல. உள்ள கால் வெச்சா போலீசுன்னு பலகை வேற கீது."

வேலி மூன்று பக்கம்தான் போட்டிருந்தது.